இலையும் பந்தியும்

ஒவ்வொரு தலைமுறையினரும் தமக்கு அடுத்து வருவோரை நோக்கி, "எங்கள் காலத்தில் இவ்வாறு இல்லை" என்று குறை கூறுவது உலக வழக்கம். அங்ஙனம் கூறுவோர் இளைஞராய் இருந்த நாளில் அவர்தம் பெற்றோரும் அதனையே கூறினர். அப்பெற்றோரின் முன்னோரும் கூறியிருப்பர். இக்குறை எக்காலத்தும் முழு உண்மையாயின், மக்கட் சமுதாயம் தலைமுறைதோறும் தேய்ந்து இந்நேரம் அழிந்தே போயிருத்தல் வேண்டும். அவ்வாறு அழியாமையால், முதியோர் கூற்றில் மிகை உண்டு என்பது தெளிவு. ஆயினும் அதனை வெறும் பிதற்றல் என்று இளைஞர் தள்ளிவிடுதலும் நேர்மையாகாது. அருமையானதொன்றை இழந்த வருத்தமே பல முதியோரை அவ்வாறு பேசுவிக்கின்றது. அவர் இழந்தது யாது? அது காக்கத்தக்கதா? போகவிடத்தக்கதா? இவற்றை ஆராய்ந்து அறிதல் கற்றோர் கடமையாகும்.

வழக்கங்களின் மாறுதலைப் பற்றிப் பொதுப்படப் பேசப் புகுந்தால் பேச்சு வளருமேயன்றிப் பொருள் விளங்காது. ஆதலின், நாள்தோறும் யாவரும் அறிந்ததாகிய ஒரு பொருளை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது நாம் உண்ணும் உணவு. உணவு என்பதனுள் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. இலையில் இடப்படும் பொருள் ஒன்று. அவ்விலையின்முன் யாரோடு அமர்ந்து உண்கின்றோம் என்பது மற்றொன்று. முன்னதனை இலை என்றும் பின்னதனைப் பந்தி என்றும் வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இலை எவ்வாறு மாறிற்று, பந்தி எவ்வாறு மாறிற்று என்று இரண்டையும் ஒப்பு நோக்கின், பழைமை என்று நாம் போற்றுவதன் இயல்பு ஒருவாறு புலனாகும்.

இலை

தமிழர் சமையலின் சிறப்பு யாது என்று அயல்நாட்டார் ஒருவர் வினவினால், நம்மிற் பலர் காரசாரமான குழம்பையும் துவையலையும் ஊறுகாயையும் எடுத்துக் கூறுவோம். மிளகாய் இல்லாத சமையலறையை நம்மால் நினைத்துப் பார்த்தலும் அரிது. ஆனால், மிளகாய்ச் செடி இந்நாட்டில் தோன்றியதன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த 1498-ஆம் ஆண்டிற்குப் பின்னர், போர்த்துக்கீசியர் வாயிலாகவே அது நம் நாட்டிற் பரவிற்று. அதற்கு முன்னர் நம் முன்னோர்க்குக் காரம் அளித்தது மிளகு. சங்க நூல்கள் மிளகினைக் கறி என்று வழங்கும். யவனர் மரக்கலங்கள் பொன்னொடு முசிறித் துறைக்கு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றிற் காணலாம். கடல் கடந்து வந்த புதிய காய்க்குத் தமிழர் வேற்றுப் பெயரைத் தேடி அலையவில்லை. மிளகு போலக் காரமுடைய காய் ஆதலின் மிளகாய் என்றனர். பெயர் தமிழாயிற்று, பொருளும் தமிழாயிற்று, அது வந்தேறிய பொருள் என்னும் நினைவும் மறைந்தது.

மிளகாய் ஒன்றே அன்று. தைப்பொங்கல் நாளில் பல இல்லங்களிற் பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கூட்டாகச் சமைக்கப்படுகின்றன. உழவர் திருநாளின் பழைமைக்கு அவற்றையே சிலர் சான்றாகவும் கூறுவர். அவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவையே. பறங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல் ஆதலின், காயின் பெயரே அது வந்த வழியைக் காட்டிக்கொண்டு நிற்கின்றது. தென்னார்க்காடு, வடவார்க்காடு வட்டாரங்களில் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்றும், அது திரிந்து மல்லாட்டை என்றும் வழங்குவர். தென்னமெரிக்காவிற் பிறந்த அக்கடலையின் பயணத்தில், பிலிப்பைன் தீவுகளின் தலைநகர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டது போலும். பண்ருட்டிக்குப் பெருமை தரும் முந்திரியின் தாயகம் பிரேசில். நாஞ்சில் நாட்டார் மரச்சீனி என்று வழங்கும் மரவள்ளிக் கிழங்கின் தாயகமும் தென்னமெரிக்காவே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைப் பயிரிடுமாறு குடிகளை ஊக்கினார். நாளடைவில் அஃது ஏழை மக்களின் பசி தீர்க்கும் உணவாயிற்று. கொய்யா, பப்பாளி, அன்னாசி, சீத்தாப்பழம், உருளைக்கிழங்கு, இன்று குழம்பிலும் சாற்றிலும் இடும் தக்காளி ஆகிய யாவும் அக்கண்டத்திலிருந்து வந்த விருந்தினரே.

இதற்குச் சான்று வேண்டுவோர், வைதிக ஒழுக்கமுடைய இல்லங்களில் இறந்த முன்னோர்க்குச் செய்யும் திவச நாளின் சமையலை நோக்குக. அன்று மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகே சேர்ப்பர். உருளைக்கிழங்கும் தக்காளியும் முட்டைக்கோசும் அன்று விலக்கப்படும். வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு போன்றவையே சமைக்கப்படும். ஆண்டு முழுதும் புதியவற்றை உண்பவர், முன்னோரை நினைக்கும் அந்த ஒரு நாளில் மட்டும் முன்னோர் உண்டதனையே உண்கின்றனர். இவ்வாறு, மாறிய வரலாற்றை ஏடுகள் மறந்தாலும் அடுப்பங்கரை மறக்கவில்லை.

இனி, நெடுங்காலத்துச் செய்தியை விடுத்து அண்மைக் காலத்திற்கு வருவோம். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டிற் பிறந்து 1942-ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் இளைஞராயிருந்த நாளில் காலையிற் காப்பி அருந்தும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இல்லை. பழைய சோறே காலையுணவு. அவர் மறைந்த நாளிலோ, காப்பி இல்லாத காலைப்பொழுது நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் அரிதாயிருந்தது. ஒருவர் வாழ்நாளுக்குள் நடந்த மாறுதல் இது. தொடக்கத்தில் காப்பியைப் பழித்தோர் பலர். பழையதை உண்டு உரம் பெற்ற உடம்பைப் புதுப்பானம் கெடுத்துவிடும் என்று அஞ்சினர். அப்பழிப்பு ஒரு தலைமுறை அளவும் நிற்கவில்லை. பழித்தவர் வீட்டு மருமகளே, வந்த விருந்தினர்க்குக் காப்பி கொடாதுவிடின் மரியாதை குறைந்தவள் என்று தூற்றப்படும் நிலை விரைவில் வந்துவிட்டது. அதன்பின் தேநீர் வந்தது. 1930-களில் தேயிலை வணிகர் அமைப்புகள் ஊர்தோறும் தேநீர் காய்ச்சிக் கொடுத்தும், காய்ச்சும் முறையைக் கற்பித்தும் அதனைப் பரப்பின. இன்று தேநீர்க் கடை இல்லாத சிற்றூரைக் காண்டல் அரிது.

சோற்றின் கதையும் இத்தகையதே. தமிழர் என்றும் நெற்சோறு உண்டவர் என்று எண்ணுகின்றோம். காவிரியும் தாமிரவருணியும் பாயும் நன்செய் நாடுகளில், அதுவும் கைப்பொருள் உடையார்க்கு, அது பொருந்தும். கரிசற் சீமையிலும் கொங்கு நாட்டின் மேட்டு நிலங்களிலும் உழைப்பாளர் குடும்பங்கள் கம்பும் சோளமும் கேழ்வரகும் வரகும் சாமையும் உண்டே வாழ்ந்தன. நெற்சோறும் இட்டலியும் தீபாவளிக்கும் திருவிழாவிற்கும் உரியவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பங்கீடு, 1966-ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.ஆர். 8 போன்ற புதிய நெல்வகைகள், நீரிறைக்கும் மின்பொறி, நியாயவிலைக் கடை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெற்சோற்றை யாவர்க்கும் பொதுவாக்கின. 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. பாட்டனார்க்குத் திருநாள் உணவாயிருந்தது பேரனுக்கு அன்றாட உணவாயிற்று. அதற்குள் சக்கரம் மறுபடியும் சுழன்றது. ஏழைகளின் உணவென்று தள்ளப்பட்ட சிறுதானியங்களை, நீரிழிவுக்கு அஞ்சிய செல்வர் மிகுவிலை கொடுத்து வாங்குகின்றனர். ஐக்கிய நாடுகள் மன்றமும் 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது.

இவற்றால் அறியக் கிடப்பது யாது? இலையில் உள்ள பொருள்களுட் பல, நாம் கருதும் அளவு பழையன அல்ல. அவை நாவிற்கு இனிமையாலும், விலையின் எளிமையாலும், நீர்ப்பாசனத்தாலும், போர்க்கால நெருக்கடியாலும், அரசாணையாலும் வந்து புகுந்தவை. நாம் சிறு குழந்தைகளாய் இருந்தபொழுது நம் வீட்டில் இருந்தவற்றையே நாம் தொன்மை என்று கருதிவிடுகின்றோம். நம் மரபு என்று நாம் சுட்டுவது பெரும்பாலும் நம் பாட்டனார் காலத்துப் புதுமையே ஆகும்.

பந்தி

நிற்க. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழமொழி. ஆயின், பந்திக்கு முந்துதல் எல்லார்க்கும் இயல்வதாய் இருந்ததில்லை. சிலர்க்கு வீட்டின் உள்ளே இலை போடப்பட்டது. சிலர்க்குத் திண்ணையிலும் முற்றத்திலும் போடப்பட்டது. சிலர்க்கு இலையே இல்லை. அவர்கள் எல்லாரும் உண்டு எழும்வரை வெளியே காத்து நின்று, எஞ்சியதைத் தாம் கொணர்ந்த பாத்திரத்தில் வாங்கிச் சென்றனர். தாகத்திற்கு நீர் வேண்டின், உயரத்தினின்று ஊற்றுவதைக் கையேந்திக் குடித்தனர். அவர்கள் உழுது விளைத்த நெல்லே உள்ளே பந்தியிற் சோறாகப் பரிமாறப்பட்டது என்பதனையும் மறத்தலாகாது.

இக்குற்றம் பிற சமயத்தார்க்கே உரியது என்று கிறிஸ்தவர் ஒதுங்கிவிட இயலாது. தஞ்சை முதலிய இடங்களின் பழைய சபைகளில் சாதிக்கு ஓர் இருக்கை வரிசை இருந்தது; நற்கருணை பெறுவதிலும் முன்பின் என்னும் முறை இருந்தது. கல்கத்தா அத்தியட்சராயிருந்த டேனியல் வில்சன் என்பார் 1833-ஆம் ஆண்டு, சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் என்று நிருபம் விடுத்தார். அதனை ஏலாது சபையை விட்டு விலகினோர் பலர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரும், சாதி வேற்றுமையை நீக்க முயன்ற குருமாரை எதிர்த்து எழுதினர். 1850-ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய மிஷனெரிமாரின் மாநாடு, ஒருவர் சாதியை விட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்ணும் மனம் அவர்க்கு இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தது. விசுவாசத்தைச் சோதிக்க வந்தவர், வேதவசனம் எத்துணை மனப்பாடம் என்று கேட்டதோடு நில்லாது, யாரோடு உண்பாய் என்றும் கேட்க நேர்ந்தது. ஒரே அப்பத்திற் பங்குபெறுதலைத் தம் வழிபாட்டின் நடுவில் வைத்துள்ள மக்களிடத்தே இக்கேள்வி எழுந்தது என்பது, இவ்வழக்கத்தின் வேர் எத்துணை ஆழமானது என்பதைக் காட்டும்.

நாட்டு விடுதலைக்கு உழைத்தோரிடத்தும் இதே கேள்வி எழுந்தது. வ. வே. சு. ஐயர் 1922-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நிறுவினார். நாட்டுப்பற்றும் தாய்மொழிக் கல்வியும் கைத்தொழிலும் அங்கே கற்பிக்கப்பெற்றன. காங்கிரசும் பொதுமக்களும் பொருளுதவி செய்தனர். பெற்றோர் விருப்பத்திற்கிணங்கப் பிராமண மாணவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்னும் செய்தி வெளிப்படவே, டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியாரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1924, 1925-ஆம் ஆண்டுகளில் அது தமிழ்நாடு முழுதும் பெருவழக்காக மூண்டு, காந்தியடிகள் வரை சென்றது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசத்து அருவியில் தம் மகளைக் காக்க முயன்று உயிர் துறந்தார். குருகுலம் அதன்பின் நீடிக்கவில்லை. ஐயர் பேரறிஞர், தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியவர், நாட்டிற்காக நாடு கடந்து வாழ்ந்தவர். அத்தகையார் அமைத்த கூடத்திலும், ஒரு பந்தியில் எல்லாச் சிறுவரையும் அமர்த்துதல் எளிதாயில்லை.

ரயில் வண்டி எல்லாச் சாதியாரையும் ஒரே பலகையில் நெருக்கி உட்காரவைத்தது. ஆயினும், அவர்கள் இறங்கி உண்ணும் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் பிராமணர்க்கு வேறிடம், ஏனையோர்க்கு வேறிடம் என்னும் பிரிவு 1941-ஆம் ஆண்டு வரை நிலவிற்று. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அவ்வாறிருந்தும், தேநீர்க் கடைகளில் சிலர்க்கு ஒரு குவளையும் சிலர்க்கு வேறொரு குவளையும் வைக்கும் இரட்டைக் குவளை முறை, 21-ஆம் நூற்றாண்டிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் இருந்தமை பதிவாகியுள்ளது.

ஈண்டு நாம் சற்றே நின்று நினைத்தல் வேண்டும். தேயிலை இந்நாட்டு மக்களின் பழைய பானம் அன்று. தேநீர்க் கடை நம் முன்னோர் அறியாத ஒன்று. கண்ணாடிக் குவளையும் அத்தகையதே. பானம் புதிது, கடை புதிது, குவளை புதிது. அவற்றின் நடுவே நுழைந்த வேற்றுமை மட்டும் பழையது. புதிய பொருள்களை எல்லாம் தடையின்றி ஏற்றுக்கொண்ட கைகளே, பழைய வேற்றுமையை அப்புதிய பொருள்களின்மேல் எழுதி வைத்தன.

இலையின் கதையையும் பந்தியின் கதையையும் அருகருகே வைத்தால் விளங்கும் உண்மை இதுவே. கடலுக்கு அப்பாலிருந்து மிளகாய் வந்தபொழுது, முன்னோர் வழக்கத்திற்கு அது பொருந்துமா என்று ஆராய ஒரு சபையும் கூடவில்லை. உருளைக்கிழங்கின் குலம் யாது என்று யாரும் வினவவில்லை. காப்பி சிறிது பழிப்புக்கு ஆளாயினும் விரைவில் நடுவீட்டில் அமர்ந்தது. ஆனால் அடுத்த தெருவில் வாழும் மனிதன் அதே இலையின்முன் அமர வந்தபொழுது, சாத்திரங்கள் புரட்டப்பட்டன, வழக்குகள் தொடுக்கப்பட்டன, சபைகள் பிளந்தன, கலகங்கள் மூண்டன. மரபு என்னும் சொல் பொருளின்மேல் ஏவப்பட்டதைவிட மனிதன்மேல் ஏவப்பட்டதே மிகுதி. நமக்கு இன்பம் தருவதாயின் மரபை எளிதில் மாற்றிக்கொள்கின்றோம். நம் மேன்மையைக் குறைப்பதாயின் அதே மரபை மலைபோல் நிறுத்துகின்றோம்.

மாறியது எவ்வாறு

இங்ஙனம் இறுகிக் கிடந்த பந்தியும் மாறாமலில்லை. சொற்பொழிவுகளும் சட்டங்களும் அதற்குத் துணை செய்தன. அவற்றினும் ஆழமாக வேலை செய்தது, இளஞ்சிறார் ஒன்றாக அமர்ந்து உண்ட பழக்கம் என்பது எம் துணிபு. 1920-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த காலத்து, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்கத் தொடங்கியது. 1956-ஆம் ஆண்டில் காமராஜர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் நாட்டுப்புறங்களுக்கும் விரிந்தது. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலையுணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. இவற்றின் முதல் நோக்கம் பசி தீர்த்தலும் பள்ளிக்கு ஈர்த்தலுமே. ஆயினும் உடன் விளைந்த பயன் ஒன்றுண்டு. இன்னார் இன்னார் என்னும் வேற்றுமையை மனம் கற்றுக்கொள்ளுமுன், பக்கத்திலிருப்பவன் தட்டிலும் தன் தட்டிலும் ஒரே அகப்பையிலிருந்து சோறு விழுவதைச் சிறுவன் கண்டுவிடுகின்றான். கண்டதைப் பின்னர் மறக்கச் செய்தல் எளிதன்று.

இதனை நன்கு உணர்ந்தமையாற் போலும், மாறுதலை விரும்பாதார் இன்றும் இவ்விடத்தையே தாக்குகின்றனர். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தி சமைத்தாள் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ணவொட்டாது தடுத்த பெற்றோரைப் பற்றிய செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்துள்ளன. அப்பெற்றோர் இளைய வயதினர். ஆதலின், முதியோர் மறைந்தால் தீய வழக்கமும் தானே மறைந்துவிடும் என்று இளைஞர் இறுமாந்திருத்தல் தகாது. வழக்கம் வயதினால் மூத்துச் சாவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாக ஏற்கவோ மறுக்கவோ செய்கின்றது.

கல்லூரி விடுதிகளிலும் இத்தகைய பயிற்சி நடைபெறுகின்றது. பல ஊர்களிலிருந்தும் பல குடிகளிலிருந்தும் வந்த மாணவர் ஒரே கூடத்தில், ஒரே சமையலை, ஒரே குறைகளைக் கூறிக்கொண்டு உண்கின்றனர். சாம்பாரைப் பழிப்பதில் அவர்க்குள் உண்டாகும் ஒற்றுமையை நகைப்பார் நகைக்கலாம். பழைய மாணவர் பலர் வகுப்பறையிற் கேட்ட விரிவுரைகளை மறந்த பின்னும், உணவுக்கூடத்திற் பிறந்த நட்பை மறப்பதில்லை என்பதை யாவரும் அறிவர்.

இனி, இல்லத்தின் உள்ளேயே ஒரு பந்தி உண்டு. அதனைப் பற்றிப் பேசாது விடின் இவ்வாராய்ச்சி நிறைவுறாது. ஆடவர் முதலில் உண்பர், பின்னர்ப் பிள்ளைகள், எல்லார்க்கும் பரிமாறிய தாயும் மருமகளும் கடைசியில், எஞ்சியது எதுவோ அதனை உண்பர். இஃது அன்பின் வழக்கம் என்று போற்றப்பட்டது. அன்பு அதில் உண்டு என்பதை மறுப்பார் இலர். ஆனால் அவ்வன்பு ஒருபுறமே ஓடிற்று. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கடைசிப் பந்திக்கும் பங்கு உண்டோ என்று ஒவ்வொரு வீட்டாரும் தம் அடுப்பங்கரையை நோக்கிக் கேட்டுக்கொள்ளத் தக்கது. சாதிப் பந்தியைக் கண்டித்துப் பேசிவிட்டு வீடு திரும்பும் இளைஞர், தாய் உண்டாளா என்று கேளாமல் இலையின்முன் அமர்வாராயின், அவர் பேசியது நாவளவே ஆகும்.

இன்று

இக்காலத்தில் பந்தியே குலைந்து வருகின்றது என்பது முதியோர் குறை. நகரத்து வீடுகளில் ஒருவர் உண்ணும் நேரம் மற்றொருவர்க்கு ஒவ்வுவதில்லை. உணவு வீட்டு வாயிலுக்கே பொட்டலமாக வந்துசேர்கின்றது. உண்போர் ஒவ்வொருவரும் கைப்பேசியை நோக்கிக்கொண்டு தனித்தனியே உண்கின்றனர். திருமண விருந்துகளிற்கூடப் பலர் தட்டேந்தி நின்றபடியே உண்டு செல்கின்றனர். இக்குறையை நாம் ஏளனம் செய்தலாகாது. இதில் உண்மை இருக்கின்றது.

பழைய பந்தியில் தீயவை மட்டுமா இருந்தன? எல்லார்க்கும் பரிமாறி முடியும்வரை ஒருவரும் கைவைக்காது காத்திருத்தல், தாம் உண்டு முடித்தபின்னும் பக்கத்தவர் முடிக்கும்வரை எழாதிருத்தல், வழிப்போக்கர்க்கும் ஓர் இலை போடுதல், பரிமாறுவோர் ஒவ்வோர் இலையையும் கண்ணால் அளந்து குறைந்ததை வினவி இடுதல் ஆகிய நற்பழக்கங்களும் அங்கேயே இருந்தன. பிறர் பசியைக் கவனிக்கும் பயிற்சி அங்கே நடந்தது. தனித்து உண்பார்க்கு அப்பயிற்சி கிடைப்பதற்கு வழியில்லை. வேற்றுமை ஒழிய வேண்டும் என்று நாம் விரும்பினோம். பந்தியே ஒழிய வேண்டும் என்று விரும்பினோமல்லோம். யாரும் யாரோடும் உண்ணாத வீட்டில் தீண்டாமை இல்லை என்று பெருமை பேசுவதிற் பொருளில்லை.

ஆதலின், ஒரு வழக்கத்தைக் காப்பதா விடுப்பதா என்று ஐயம் எழுமிடத்து, அதன் வயதை மட்டும் வினவுதல் பயன்தராது. பழையது என்று நினைத்தது புதியதாய் இருத்தலை மேலே கண்டோம். உண்மையிற் பழையதாயினும், அப்பன் வெட்டிய கிணறு என்பதற்காக உப்புநீரைக் குடிப்பார் இலர். நாம் வினவத்தக்கவை வேறு. இவ்வழக்கத்தின் சுமையைத் தாங்குபவர் யார்? அவர் கருத்தை நாம் எப்பொழுதேனும் கேட்டதுண்டா? இதனை விட்டுவிட்டால், இதனோடு சேர்ந்து போய்விடும் நன்மை யாது? முதல் இரு வினாக்களும் இளைஞர் முதியோரை நோக்கிக் கேட்கத் தக்கவை. மூன்றாவது முதியோர் இளைஞரை நோக்கிக் கேட்கத் தக்கது. இம்மூன்றையும் ஒருங்கே கேட்கும் வீட்டில், தலைமுறைகளுக்கிடையே பூசல் குறைந்து உரையாடல் மிகும்.

இதனை வாசிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் ஊர் செல்லும்பொழுது, வீட்டிலுள்ள முதியோர் அருகில் அமர்ந்து சில செய்திகளைக் கேட்டு எழுதி வாருங்கள். அவர்கள் சிறுவராய் இருந்தபொழுது காலையில் என்ன உண்டனர்? நெற்சோறு ஆண்டில் எத்தனை நாள் கிடைத்தது? காப்பியோ தேநீரோ முதன்முதல் வீட்டிற்கு வந்தது எப்பொழுது? திருமணப் பந்தியில் யார் முதலில் அமர்ந்தனர்? யார் வெளியே நின்றனர்? தங்கள் குடும்பத்தார் உள்ளே அமர்ந்தவரா, வெளியே நின்றவரா? முதல் வினாக்களுக்கு அவர்கள் மகிழ்ந்து விடை கூறுவர். கடைசி வினாவிற்குச் சிலர் விடை கூறாது வாளா இருக்கக்கூடும். அந்த மௌனத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் வரலாறே. இவற்றை அறிந்தவர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். சில ஆண்டுகள் கழித்துக் கேட்க நினைத்தால் கேட்பதற்கு ஆள் இரார்.

"எங்கள் காலத்தில் இவ்வாறு இல்லை" என்று கூறும் முறை நமக்கும் ஒருநாள் வரும். அன்று நம் பேரர், "உங்கள் பந்தியில் இடமின்றி வெளியே நின்றவர் யார்?" என்று நம்மை வினவக்கூடும். "ஒருவரும் இலர்" என்று தலைநிமிர்ந்து விடை கூறத்தக்கவாறு, வீட்டிலும் விடுதியிலும் சபையிலும் ஊரிலும் நம் பந்தியை இன்றே அமைத்துக்கொள்வோமாக.